காய்ந்த ஊருக்குக் கடைசி இடம்

தனித்தனியாக ஒழுங்காக இருக்கிற இரண்டைச் சேர்த்துவைத்தால், சேர்ந்தும் ஒழுங்காகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் கல்யாணம் ஆகாதவர்கள். அறுபதுகளில் எனக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

கீரனூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், திருச்சியில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தேன். ஓட்டை போட்ட அட்டைகளைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தால் அந்த மெஷின் கணக்குப் போடும். அடிக்கடி தேவைப்படும் கணக்குகளுக்காக யாரோ தயாரித்துவைத்த அட்டைக் கட்டுகளுக்கு லைப்ரரி என்று பெயர். (அப்பா ஊர் முழுக்க, "மவன் லைப்ரரியில இருக்கான், புஸ்தகம் வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவைத்திருந்தார்.)

மழை பொய்த்த வருஷம் அது. எந்த ஊருக்கு முதலில் போர்வெல் போடுவது என்று வரிசைப்படுத்தும் வேலை கலெக்டர் ஆபீஸிலிருந்து எங்களிடம் வந்தது. கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்து, குறைந்த ஊரை முதலில் வைத்து அடுக்கியது ஒரு லைப்ரரி. அதை அச்சடிப்பது இன்னொன்றின் வேலை. பெரிய எண்தான் அவசரம் என்று நினைத்து யாரோ செய்தது அது; பட்டியலைக் கடைசியிலிருந்து அச்சடித்தது. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்தேன். சேர்த்த பிறகு சோதிக்கவில்லை. மேதைக்கு எதற்குச் சோதனை?

முதல் போர் போடும் ஊருக்கு டெரிலின் சட்டை மாட்டிக்கொண்டு போர் லாரியில் நானே போனேன். அங்கே குளத்தில் எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தன. ஊர்ப் பெரியவர் ஒருவர் கையைக் கூப்பினார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. இங்கிட்டு எதுக்குங்க போரு?"

"மெஷின் சொல்லிருக்குங்க" என்றார் லாரி டிரைவர், நான் வாயைத் திறப்பதற்குள்.

பட்டியலின் அடியைப் பார்த்தேன். கடைசியில் இருந்தது, கொடும்பாளூர்ப் பக்கம் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர்.

தப்பை ஒப்புக்கொண்டு, திருத்தி, கையெழுத்து வாங்கி லாரியைத் திருப்புவதற்குள் சேதி வந்துவிட்டது. ஊற்றுத் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையில் மொள்ளக் கிணற்றுக்குள் இறங்கிய அக்கா, கயிறு அறுந்து விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"போரு லாரி எப்படா வரும்?"

"நாளைக்கு வந்துரும்க்கா."

"நீதான் வரிசை போட்டியாமே. நாங்க எத்தனாவது?"

"கடைசி."

அவள் சிரித்தாள். சிரித்ததில் இடுப்பு வலித்து உடனே அழுதாள்.

போர் போட்டார்கள், தண்ணீரும் வந்தது. அக்கா மட்டும் அன்றிலிருந்து காலை இழுத்துத்தான் நடக்கிறாள். இன்றும் வீட்டு விசேஷத்தில் நான் பந்தி கவனிக்க எழுந்தால், ஊன்றுகோலைத் தூக்கிச் சத்தம் போடுவாள்:

"அவன எலை போட விடாதீங்க! சாப்புட்டு எந்திரிச்சவுகளுக்கே திரும்பவும் போடுவான்!"

பந்தியே சிரிக்கும். அவள் பிடித்து நடக்கத் தோளைக் கொடுத்தபடி நானும் சிரிப்பேன்.