ரீச்சர் அடைத்த தீவேலி

“ரீச்சர், காய்ஞ்ச காவோலையாலை வேலி அடைச்சால் அது எரியாதோ?”

உதவிக்கு வந்த பழைய மாணவி தயாளினி இப்படிக் கேட்டதும் செல்வநாயகி ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காலம் முழுக்கத் தமிழ் படிப்பித்தவர். இப்போது ஊர்த் தீத்தடுப்புக் குழுவின் தலைவி.

“பிள்ளை, பிரதேச சபை என்ன எழுதியிருக்கு? பனங்கூடலுக்கு நடுவிலை ‘தீவேலி’ வேணுமாம். தீயைத் தடுக்கிற வேலி. இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இலக்கணம் பொய் சொல்லாது.”

“காவோலையும் பொய் சொல்லாது ரீச்சர். பத்தி எரியும்.”

“நீ கயித்தைப் பிடி.”

தீவேலி இருந்தால் ஊருக்கென்று ஒரு தண்ணீர்ப் பவுசர் வண்டி தருவதாகச் சபை சொல்லியிருந்தது. போன வருடம் காண்டாவனக் கோடை வெயிலில் பனங்கூடல் பற்றியெரிந்து, நெருப்பு ரீச்சரின் குசினிக் கூரை வரை வந்தது. வெளியூர்ப் பவுசர் எல்லாம் எரிந்த பிறகு ஆறுதலாக வந்து சாம்பலைத்தான் நனைத்தது. இந்த முறை ரீச்சர் விடுவதாக இல்லை. வெள்ளிக்கிழமை அதிகாரி பார்க்க வருகிறார்.

வேலி எழும்பியது. கூடவே சீவரத்தினமும் எழும்பினார். பனங்கூடலின் கிழக்குப் பாதி அவருடையது. மேற்குப் பாதி ஆழ்வாப்பிள்ளையுடையது.

“ரீச்சர், உங்கடை வேலி என்ரை காணிக்குள்ளை ஒரு முழம் வந்திட்டுது!”

ரீச்சர் வேலியை ஒரு முழம் மேற்கே தள்ளினார்.

“ஓகோ! உவன் சீவரத்தினத்தின்ரை கதையைக் கேட்டு என்ரை காணியைப் பிடிக்கிறியளோ?” ஆழ்வாப்பிள்ளை கத்தியோடு வந்து கயிறுகளை அறுத்தார்.

ரீச்சர் இருவரையும் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். தேத்தண்ணி ஆறுவதற்குள் அவர்களின் அப்பாமார் காலத்துச் சண்டையும் கிளம்பியது. அடுத்த நாள் இருவரும் வழக்குப் போட்டார்கள்.

“வழக்கு முடியுமட்டும் நடுவிலை ஒருத்தரும் ஒண்டும் வைக்கப்படாது,” என்று கடைசியில் ரீச்சரே தீர்ப்பும் சொன்னார்.

அவ்வளவுதான். வேலி போனது. மற்றவன் கள்ளமாக வேலிக் கதியால் நட்டுவிடுவான் என்ற பயத்தில் இருவரும் எல்லையிலிருந்து பத்தடி வரை பனை வடலி, பற்றைச் செடி எல்லாவற்றையும் வெட்டி, மண் தெரியக் கூட்டினார்கள். ஓர் ஓலை விழுந்தாலும், “எடடா உன்ரை ஓலையை!” என்று சத்தம்.

“தயாளினி, என்ரை இரண்டாம் வேற்றுமை எங்கை கொண்டுவந்து விட்டிருக்கு, பாத்தியே?”

“ஓம் ரீச்சர், கோட்டு வாசலிலை.”

வெள்ளிக்கிழமை அதிகாரி நிவேதனா வந்து ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அந்த வெறும் வெட்டை நெடுக நடந்தாள். ரீச்சர் பின்னால் ஓடினார்.

“பிள்ளை, நாங்கள் வேலி அடைச்சனாங்கள்தான். எல்லை வழக்கிலை ரெண்டு பேரும் பிடுங்கிப் போட்டாங்கள். இப்ப நடுவிலை ஒரு ஈர்க்குக்கூட இல்லை. பிழை என்ரைதான். பவுசரை மட்டும்…”

நிவேதனா சிரித்தாள்.

“அம்மா, நெருப்புத் தாண்டேலாமல் ஒண்டுமே இல்லாத வெட்டையைத்தான் நாங்கள் தீவேலி எண்டு எழுதினது. பவுசர் உங்களுக்குத்தான், ஆனால் உந்த வழக்கை மட்டும் தீர்த்துப் போடாதேங்கோ!”