பைய எடுத்துட்டு வா

குடும்பத்தில் முதல் ஆளாகப் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது எதையாவது சொன்னால், "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்க மாட்டான். கேட்டுவிட்டால் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்து பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு பயம். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த காலத்தில்தான், குலசேகரன்பட்டினம் தாண்டி ஒரு கடற்கரையில், சித்திரை வெயிலில், ஒரு கல்யாணப் பெண்ணின் ஒப்பனையையும் ஒரு சென்னைக்காரரின் பொறுமையையும் ஒரே காலையில் உருக்கி ஊற்றினேன்.

விஸ்காம் படித்துவிட்டு சீவலப்பேரியில் சும்மா இருந்தேன். (முழுக்கச் சும்மா இல்லை. தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு காது வெட்டுப்பட்டிருக்கும்.) சென்னையில் கல்யாணப் படம் எடுக்கும் பிரசன்னா சார் எங்கள் பக்கம் வருகிறார், உதவிக்கு ஆள் வேண்டுமாம், ஒரு நாள் வேலையைப் பார்த்துவிட்டுப் பிடித்திருந்தால் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வாராம் என்று கல்லூரி நண்பன் ஒருவன் சொன்னான். அப்பா வயல் கூலிக்குப் போகிறவர். அன்றைக்கே வரப்பு வரப்பாக, "எம் மவன் மெட்ராஸ் கம்பெனிக்குப் போறாம்லா" என்று சொல்லி முடித்துவிட்டார். ஆக, வேலை கிடைக்காவிட்டால் நான் டவுன் பஸ்ஸிலிருந்து ஊருக்குள் இறங்க முடியாது. அப்படியே டிப்போவுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கல்யாணத்துக்கு முந்தைய ஜோடிப் படம் அது. பெண் எஸ்தர், பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட டீச்சர். மாப்பிள்ளை டேனியல் சென்னைக்காரர். விடியற்காலை இளவெளிச்சத்தில் எடுப்பதாகத் திட்டம். ஒப்பனை முடிந்து வந்து சேர்ந்தபோது சூரியன் எங்கள் எல்லாருக்கும் மேலே வந்து உட்கார்ந்திருந்தது. வேன் மணலில் இறங்காது என்று ரோட்டோரம் ஓர் உடைமரத்தடியில் நிறுத்தினோம். அங்கிருந்து அலை வரைக்கும் அப்பளம் பொரிக்கிற சூட்டில் வெறும் மணல்.

பிரசன்னா சார் கேமராவை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஜோடியைக் கூட்டிக்கொண்டு நடந்தார். கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"முத்து, நாங்க முன்னாடி போறோம். நீ பைய எடுத்துட்டு வா."

எனக்கு மனசு இளகிவிட்டது. சென்னைக்காரர்கள் எதற்கெடுத்தாலும் கத்துவார்கள் என்றல்லவா சொல்லியிருந்தார்கள்! இவரோ, 'பைய' எடுத்துட்டு வா என்கிறார். பதறாதே, மெதுவாக எடுத்து வா என்கிறார். அதுவும் எங்கள் ஊர்ச் சொல்லிலேயே!

அவர் மனம் கோணாமல் நடந்தேன். முதல் நடைக்கு லைட் ஸ்டாண்டுகளையும் வெள்ளைக் குடைகளையும் எடுத்துக்கொண்டேன். ஒரு குடை காற்றில் விரிந்து என்னைத் தூத்துக்குடிப் பக்கம் இழுத்தது. நான் அதைக் கடல் பக்கம் இழுத்தேன். செருப்பு மணலுக்குள் போய், அதைத் தோண்டி எடுத்து, மறுபடி மாட்டி, கல்யாண ஊர்வலத்தில் குடை பிடிப்பவன் மாதிரி அசைந்து அசைந்து போய்ச் சேர்ந்தேன்.

"டேய், பைய எடுத்துட்டு வான்னு சொன்னேன்ல?"

"பையத்தான் சார் எடுத்துட்டு வந்தேன்."

சார் என் கைகளைப் பார்த்தார். முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "எங்கடா?"

"நீங்க சொல்லுங்க சார். இங்கன வைக்கட்டா, அங்கன வைக்கட்டா?"

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். (வெயில் தாங்காத உடம்பு என்று நினைத்துக்கொண்டேன்.) "ஒண்ணும் வைக்க வேணாம். போ. போய் பைய எடுத்துட்டு வா."

அவசரமே இல்லை என்று இரண்டாம் முறையும் சொல்கிறார். இப்படி ஒரு முதலாளி கிடைக்கப் புண்ணியம் செய்திருக்க வேண்டும்.

அடுத்து ரிஃப்ளெக்டர். மடித்து வைத்த வட்டத் துணியாகத்தான் கையில் எடுத்தேன். பாதி வழியில் அது படீரென்று விரிந்து, என் தாடையில் ஓர் அறை விட்டு, வெயிலைத் திரட்டி என் கண்ணிலேயே அடித்தது. மறு தோளில் ஸ்டாண்ட் சாயாமல் காலடியில் வைக்கிற மணல் மூட்டைகள். கடற்கரைக்கு எதற்கு மணல் சுமந்து போகிறோம் என்று எனக்கும் தோன்றியது. கேட்கவில்லை. பட்டதாரி.

அலையோரத்திலிருந்து சார் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார். "பைய! டேய், பைய!"

என் மேல் எவ்வளவு அக்கறை! நடையைக் குறைத்தேன்.

"பையடா! பைய! பைய!"

இன்னும் குறைத்தேன். ஒரு கட்டத்தில் நான் நடக்கிறேனா நிற்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. சார் தொப்பியைக் கழற்றி மணலில் அடித்தார். எஸ்தரின் கண்மை கன்னத்தில் இறங்கி வழி தேடிக்கொண்டிருந்தது. கவுனின் வால் பகுதியைத் தலைக்கு முக்காடாகப் போட்டிருந்தார். நான் அருகே போனதும் சார் மூச்சிரைக்க மறுபடியும் "பைய..." என்று ஆரம்பிக்க, எஸ்தர் குபீரென்று சிரித்துவிட்டார்.

"சார், நீங்க சொல்லச் சொல்ல அவரு இன்னும் மெதுவாத்தான் வருவாரு. எங்க ஊர்ல 'பைய'ன்னா மெதுவா!" என்னிடம் திரும்பினார். "அண்ணே, சார் கேக்குறது லென்ஸ் இருக்க கறுப்புப் பை. வேன்லயே கெடக்கு. அது இல்லாம படமே எடுக்க முடியாதாம்."

டேனியல் ஏதோ கணக்குப் போட்டார்.

"எஸ்தர், ஒரு நிமிஷம். நீ போன்ல அடிக்கடி 'பைய பேசுங்க, பைய பேசுங்க'ன்னு சொல்லுவியே..."

"ஆமா. பக்கத்து ரூம்ல அப்பா இருப்பாங்கல்லா."

"நீ ஏதோ பையப் பத்திப் பேசச் சொல்றேன்னு நெனச்சு..."

"நெனச்சு?"

"அதான் அந்தச் செவப்பு ஹேண்ட்பேக் வாங்கி அனுப்பினேன்."

எஸ்தர் சிரித்த சிரிப்பில் மிச்சமிருந்த ஒப்பனையும் போயிற்று. நான் சிரிக்கவில்லை. என் வேலை உடைமரத்தடியில் வேனுக்குள் கிடந்தது. செருப்பை உதறிவிட்டு ஓடினேன். உள்ளங்கால் வெந்தது. கறுப்புப் பையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, போன வேகத்திலேயே திரும்பி ஓடி வந்தேன்.

"மெதுவாடா! உள்ள லென்ஸ் இருக்கு!" என்று சார் அலறியிருக்கிறார். அலைச் சத்தத்தில் எனக்கு அது கேட்கவில்லை. எனக்குப் புரியட்டும் என்று எஸ்தர் நல்ல திருநெல்வேலித் தமிழில், வகுப்பெடுக்கிற குரலில் கூவினார்:

"அண்ணே, பைய! பைய!"

இப்போதுதான் எனக்குப் பொருள் தெரியுமே. பையைக் கேட்கிறார்கள்! இன்னும் வேகமாக ஓடினேன்.

மணலில் கால் புதைந்தது. உடம்பு மட்டும் முன்னே போயிற்று. கண் திறந்து பார்த்தபோது பெரிய லென்ஸ் மணலில் குப்புறக் கிடந்தது. நானும் அதே கோலத்தில்தான். சார் அதை எடுத்துத் திருகினார். உளுந்து அரைபடுகிற சத்தம் வந்தது.

மீதியிருந்த சின்ன லென்ஸை வைத்து, மாலை வெயிலில் எப்படியோ படத்தை முடித்தார்கள். திருச்செந்தூர் பஸ் நிலையத்தில் சார் வேனை நிறுத்தினார். இறங்கி, கதவைச் சாத்தாமல் நின்றேன்.

"சார், வேலை...?"

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்தப் பக்கம் இன்னும் மூணு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன். இங்க இருக்கிறவங்க பேசுறது எனக்குப் புரியல, நான் பேசுறது அவங்களுக்குப் புரியல. நீ வா. ஆனா எதையும் தூக்காத. கூட நின்னு அவங்க என்ன சொல்றாங்கன்னு மட்டும் சொல்லு."

ஒளிப்பதிவுக் கலையைப் படித்தவனுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது.

அன்று வீட்டில் கதையின் முன்பாதியை மட்டும் சொன்னேன். முதலாளி 'பைய எடுத்துட்டு வா' என்று சொன்னார் என்கிற வரைக்கும். அப்பா சோற்றில் கை வைத்தபடி, "அப்படியாலே சொன்னாரு?" என்று இரண்டு தடவை கேட்டார். பின்பாதியைத் தங்கச்சியிடம் மட்டும் சொன்னேன். அது பெரிய தப்பு. அதிலிருந்து நான் வீட்டுக்குத் தாமதமாக வந்தால், "எங்க அண்ணனுக்கு அவசரம் ஆவாது, மோலாளி உத்தரவு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவாள்.

அவள் கல்யாணத்துக்குப் பிரசன்னா சாரே வந்து படம் எடுத்தார். பந்தியிலிருந்து எழுந்தவரை அப்பா வழிமறித்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சார், எம் பயகிட்ட பைய செய்யி, பைய செய்யின்னுதான் வேல வாங்குதீயளாம். நான் நாத்துப் பறிச்ச நாள்லேருந்து எத்தனையோ பேருட்ட வேல பாத்துட்டேன். வெரசா, வெரசாம்பாவளே தவிர, ஒருத்தரும் அந்தச் சொல்லச் சொன்னதில்ல சார்."

சார் என்னைப் பார்த்தார். நான் பந்தல் துணியின் பூக்களைப் பார்த்தேன். தங்கச்சி மணமேடையில் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்து, பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று நாலு பேர் ஆறுதல் சொன்னார்கள்.

சார் அப்பாவின் கைகளை விடவில்லை. "ஆமாங்கய்யா," என்றார். "பையத்தான் சொல்லுவேன்."

அதற்குப் பிறகும் நான் தப்புச் செய்யாமல் இல்லை. சாரும் திட்டாமல் இல்லை. முன்னெல்லாம் அவர் என்னைத் திட்டுவது மண்டபத்தின் மறுகோடியில் இருப்பவர்களுக்கும் கேட்கும். இப்போது பக்கத்தில் வந்து, தோளில் கை போட்டு, யாருக்கும் கேட்காமல், பையத் திட்டுகிறார்.