பத்து முதல் மூன்று வரை அப்பா

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், இடது கால் காலுறையைக் கழற்றும்போது நான் அந்த மாபெரும் முடிவை எடுத்தேன். இனி என் வாழ்க்கை என் குழந்தைகளுக்கே!

வலது கால் காலுறையைக் கழற்றுவதற்குள் அதில் எனக்கு என்ன லாபம் என்றும் கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் காலத்தில் என் மூளை அவ்வளவு வேகம்.

அப்போது நான் வெளியூர்ப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். கிளம்பினால் திரும்பி வர இரண்டு நாள். மூத்தவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஆறு. இரண்டு பேரையும் தூங்கும்போதே பார்த்துப் பழகிவிட்டதால், நீளம் எவ்வளவு என்று கேட்டால் சொல்வேன். உயரம் கேட்டால் விழிப்பேன்.

என் மனைவி குழந்தைகள் பிறப்பதற்கு முன் பல் மருத்துவமனையில் வேலை பார்த்தவள். டாக்டரம்மா பல்லைப் பிடுங்கும்போது ஆளைப் பிடித்துக்கொள்வது இவள் பொறுப்பு. அந்தப் பிடியில் இருந்து தப்பியவர் கிடையாது. என்னையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அன்றைக்குத்தான் அவள் பேச்சை ஆரம்பித்தாள்.

"என்னங்க, டாக்டரம்மா என்னை மறுபடியும் கூப்பிடறாங்க. காலையில எட்டு மணியிலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்களாம்."

"போயேன். யார் வேண்டாம்னா?"

"குழந்தைங்களை யாரு பாத்துக்கறது? பக்கத்து வீட்டுப் பூனையா? நீங்க உள்ளூர் டூட்டிக்கு மாறினாத்தான் நான் போக முடியும். எட்டு வருஷமா வீட்டுல உக்காந்திருக்கேன். இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான்."

அவள் குரல் கடைசியில் கொஞ்சம் இறங்கியது. என் நெஞ்சும் இறங்கியது. ஆனால் மூளை மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. டிப்போ அறிவிப்புப் பலகையில் இரண்டு உள்ளூர் டூட்டிகளை ஒட்டியிருந்தார்கள். ஒன்று, காலை ஐந்திலிருந்து மதியம் ஒன்று வரை ஒரே மூச்சாக. இன்னொன்று, காலை ஆறிலிருந்து பத்து. மறுபடி மூன்றிலிருந்து ஏழு. நடுவில் ஐந்து மணி நேரம் சும்மா!

கவனியுங்கள். பள்ளிக்கூடம் ஒன்பதிலிருந்து மூன்றரை. ஷூ காணோம், சடை பின்னு, பால் வேண்டாம் என்கிற காலை யுத்தம் நடக்கும்போது நான் வண்டியில் இருப்பேன். வீட்டுப்பாட யுத்தம் நடக்கும்போதும் வண்டியில். பத்திலிருந்து மூன்று வரை முழுநேர அப்பாவாக வீட்டில் இருப்பேன். குழந்தைகள்தான் இருக்க மாட்டார்கள். அது என் தப்பா?

"ஒரே ஒரு டூட்டிதான் காலியா இருக்கு" என்றேன், முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு. "பத்துலேருந்து மூணு வரைக்கும் வீட்டுலயே இருப்பேன். எல்லாம் குழந்தைங்களுக்காகத்தான்!"

மணிக்கணக்கு போட்டுப் பார்த்துச் சீறுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குக் குழந்தைங்க மேல இவ்வளவு பாசமாங்க?"

"இருக்காதா பின்ன?"

"அப்ப உடனே எடுத்துடுங்க. வேற யாராவது எடுத்துடப் போறாங்க."

எங்கள் டிப்போவில் சர்வீஸ் வரிசைப்படி கையைத் தூக்கி டூட்டி எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாது. என் முறை வந்ததும் நான் கை தூக்கிய வேகத்தில் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றுவிட்டது. வெற்றி! அன்றே ஒரு புதுத் தலையணையும் வாங்கினேன்.

திங்கட்கிழமை காலை ஏழரை ட்ரிப். ஒரு நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினேன். ஏறுகிறவர்களைப் பார்த்தால், எங்கேயோ பார்த்த முகங்கள். என் மனைவி! ஒரு கையில் மூத்தவள், பாதித் தலை பின்னியபடி. மறு கையில் சின்னவன், ஒற்றை ஷூவோடு.

"நீ எங்க இங்க?"

"பஸ்ஸு பல் ஆஸ்பத்திரி வழியாத்தானே போகுது? நான் அங்க இறங்கிக்கறேன். ஸ்கூல் திறக்கற வரைக்கும் இதுங்க உங்ககூடச் சுத்தட்டும். இந்தாங்க சீப்பு. கடைசி ஸ்டாப்புல வண்டி நிக்கும்போது இன்னொரு சடையைப் பின்னிடுங்க."

அப்போதுதான் உறைத்தது. பலகையில் நான் நேரத்தைத்தான் பார்த்தேன், நிறுத்தங்களைப் பார்க்கவில்லை. இருபது வருஷம் வண்டி ஓட்டியவன் செய்கிற காரியமா?

எட்டரை ட்ரிப்பில் இன்னும் நாற்பது குழந்தைகள் ஏறின. அந்தச் சத்தத்தில் நான் ஹாரனைத் தொட வேண்டிய தேவையே இல்லை. எதிரே வந்த லாரிகள் தாமாகவே ஓரம் கட்டின. என் கண்டக்டரை எல்லோரும் 'விசில்' என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு அவர் ஊதிய விசில் அவருக்கே கேட்கவில்லை.

பத்து மணிக்கு வீட்டுக்கு ஓடினேன். தலையணை மேல் ஒரு சீட்டு. துணி துவைக்கவும், அரிசி களையவும், சின்னவனின் இன்னொரு ஷூவைத் தேடவும். ஷூ கிடைத்தபோது மணி இரண்டே முக்கால்.

சாயங்காலம் இருவரும் பள்ளி வாசலில் ஏறி என் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி நின்றதும் ஒரு கேள்வி.

"அப்பா, ஏழெட்டு எவ்வளவு?"

"ஐம்பத்தாறு! இறங்கறவங்க இறங்குங்க!"

ஒரு மாதத்தில் பயணிகளும் சேர்ந்துகொண்டார்கள். நாலாவது இருக்கைத் தையல்காரர் பூகோளம் சொல்லிக்கொடுப்பார். விசில், டிக்கெட் கிழித்துக்கொண்டே கையெழுத்துத் திருத்துவார். சின்னவன் வகுப்பில் முதலாவதாக வந்தான். அவனோடு நாலு பயணிகளும் தேறினார்கள் என்றால் நம்புங்கள்! பள்ளிக்கூடமே என்னை 'பஸ் அப்பா' என்று கூப்பிட்டது. மகள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்த பெருமையைப் பார்த்தபோது, தலையணையை மறந்தே போனேன். சத்தியமாக.

ஒருநாள் ஆறு மணி ட்ரிப்பில் மனைவி வழக்கம்போல ஏறினாள். முதல் சம்பளத்தில் வாங்கிய கைப்பை தோளில். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"பாத்தியா? வேலையும் ஆச்சு, குழந்தைங்களும் கூடவே. எப்பேர்ப்பட்ட டூட்டியைத் தேடிப் பிடிச்சேன் பாரு!"

"ஆமாங்க. நாப்பது அம்மாங்ககிட்ட கையெழுத்து வாங்கி, ஸ்கூல் வழியா பஸ் விடுங்கன்னு டிப்போவுக்கு மனு எழுதிப் போட்டது நான்தான்."

"என்னது?"

"டிப்போக்காரங்க மத்தியானமும் ஓட்டறோம்னுதான் சொன்னாங்க. நான்தான் பத்துலேருந்து மூணு வரைக்கும் வேண்டவே வேண்டாம்னேன். அந்த அஞ்சு மணி நேரத் தூக்கம் கண்ணுல தெரியலைன்னா, நீங்க கையைத் தூக்கியிருப்பீங்களா?"