கஸ்தோனுக்கு முதுகு வலி

விளங்காத பாஷையில் ஒருவர் கதைக்கும்போது சிரித்துக்கொண்டு "வீ" என்று தலையாட்டுவதைப்போல சுகமான காரியம் உலகத்தில் வேறில்லை. பிரெஞ்சில் வீ என்றால் ஓம். சொன்னவருக்கும் சந்தோஷம், எங்களுக்கும் கதை முடிந்தது. மொன்றியலில் என் முதல் இரண்டு வருடங்கள் அப்படித்தான் ஓடின. ஒரு வீயால் எனக்குத் தேவையில்லாத தொலைபேசி இணைப்பு ஒன்று வீட்டுக்கு வந்தது. சலூனில் சொன்ன வீயால் தலைமயிர் போனது (அது பிறகு முழுதாய்த் திரும்பவும் இல்லை). அடுத்த வீயால் ஒரு கிளி வந்தது.

இது இரண்டாயிரங்களின் நடுவில். கலியாணம் முடித்த புதிது. நானும் ஜெனிற்றாவும் செயின்ட்-மிஷேலில் ஒரு மாடிவீட்டின் மேல்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரி மடாம் லூசியேன், எழுபதைத் தாண்டியவர், கஸ்தோன் என்ற கிளியோடு தனியாக இருந்தார். நான் பகலில் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குவேன். மாலையில் இருவருமாகப் பிரெஞ்சு வகுப்புக்குப் போவோம். அப்போது வகுப்பில் உடம்பின் உறுப்புகள் நடந்துகொண்டிருந்தன.

தை மாதத்துக் குளிரில் ஒருநாள் மடாம் எங்கள் கதவைத் தட்டினார். நீளமாக ஏதோ சொன்னார். அதில் 'ஒப்பித்தால்' (ஆஸ்பத்திரி), 'கஸ்தோன்', 'மெர்சி' (நன்றி) என்ற மூன்று சொற்களை நான் பிடித்தேன். கூட்டை எங்கேயோ தூக்கி வைக்க உதவி கேட்கிறார் என்று நினைத்து "வீ, வீ" என்றேன். அவர் கண்கலங்கி என் கையைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் பெரிய கூடு, சின்னப் பயணக் கூடு, தீனிப் பை எல்லாம் எங்கள் வீட்டுக்குள் இருந்தன. மடாம் டாக்சியில் போய்விட்டார்.

"என்னவாமப்பா?" என்றாள் ஜெனிற்றா.

"ஆஸ்பத்திரிக்குப் போறாவாம்."

"என்ன வருத்தமாம்?"

"அது சொல்லேல்லை." (சொல்லியிருப்பார். எனக்குள் இறங்கவில்லை.)

"எப்ப வருவாவாம்?"

நான் தீனிப் பையை எடுத்து அதில் எழுதியிருந்ததைக் கவனமாக வாசிக்கத் தொடங்கினேன்.

ஜெனிற்றா கூட்டைச் சுற்றி வந்து பார்த்தாள். "கிளியெண்டால் பச்சையெல்லோ? இது சாம்பலாக் கிடக்கு."

அது சாம்பல் நிறத்திலேயே பிறக்கிற ஆபிரிக்கச் சாதி என்று அப்போது எங்களுக்கு யார் சொன்னது? வருத்தம் வந்து வெளிறிப்போயிருக்கலாம் என்று நான் சொன்னேன். சொன்ன அந்த நேரத்திலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. வீட்டுக்காரி நம்பித் தந்த உயிர். திரும்பி வரும்போது வெறுங்கூட்டைக் கொடுத்தால் அந்த மனுசியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அதுக்குப் பிறகு அந்த வீட்டில் எப்படி இருப்பது? இருந்தாற்போல எழும்பிப் போய்க் கூட்டைப் பார்ப்பேன். வந்து இருப்பேன். திரும்பவும் எழும்புவேன். வேலையிடத்தில் தேத்தண்ணி நேரத்துக்கு மற்றவர்கள் வெளியே போக, நான் வீட்டுக்குப் போன் எடுத்துக் கிளியைச் சுகம் விசாரிப்பேன்.

முதல் அதிர்ச்சி, அது ஒற்றைக் காலில் நின்றது. மற்றக் கால் முறிந்துவிட்டது என்று முடிவெடுத்தேன். ஜெனிற்றா ஒரு திராட்சைப் பழத்தைக் காட்டினாள். முறிந்த கால் வயிற்றுக்குள்ளிருந்து இறங்கி வந்து பழத்தை வாங்கியது.

அடுத்தது, பொழுதுபடுகிற நேரம் கூட்டிலிருந்து 'கிறுக், கிறுக்' என்று சத்தம்.

"குளிரில பல்லு நடுங்குது," என்றேன்.

"கிளிக்கு எங்காலயப்பா பல்லு?"

பல்லில்லாவிட்டாலும் நடுக்கம் நடுக்கம்தானே. கூட்டைத் தூக்கி வீட்டிலேயே சூடான இடத்தில் வைத்தேன். அது குசினி. அடுப்புக்குப் பக்கம்.

கஸ்தோன் அதுவரை நல்ல கலகலப்பான கிளி. தொலைபேசி மணியைப்போலவே அடிக்கும். நாங்கள் ஓடிப்போய் எடுத்து "அலோ, அலோ" என்று ஆருமில்லாத போனில் கத்துவோம். குசினிக்குப் போன ஒரு கிழமைக்குள் மணி நின்றது. கிறுக் சத்தமும் நின்றது. இரண்டு காலையும் ஊன்றி ஒழுங்காக நிற்கத் தொடங்கியது. பகலிலும் கண்ணை மூடி நித்திரை கொண்டது. உடம்பும் பந்துமாதிரிப் பொதுபொதுவென்று வந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம்.

"பாத்தீரே, எங்கட கையால திண்டு கொழுத்திட்டுது. காலும் சுகமாப்போச்சு."

ஜெனிற்றாவுக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. "எனக்கெண்டால் அதின்ரை கண் பிடிக்கேல்லை," என்றாள்.

"கண்ணுக்கு என்ன? பழகிட்டுது, அதுதான் அமைதி." கிட்டப்போய்க் கஸ்தோனைப் பாராட்டிவிட்டும் வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை. குசினியில் கதிரையில் இருந்துவிட்டு எழும்பினேன். கூட்டுக்குள்ளிருந்து ஈனமான குரல் ஒன்று வந்தது.

"ஜெ மல் ஓ தோ."

நான் அப்படியே நின்றேன். எனக்கு விளங்கிவிட்டது. இந்த நாட்டில் பிறந்த ஒரு வாயிலிருந்து வந்த முழு வசனம், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை விளங்கிய முதல் தடவை அதுதான். எனக்கு முதுகு நோகிறது. வகுப்பில் நாங்கள் கோரஸாகச் சொன்ன அதே வசனம். பயமும் பெருமையும் ஒன்றாக வந்தன. உண்மையைச் சொன்னால் பெருமைதான் முன்னுக்கு வந்தது.

"ஜெனிற்றா, முதுகு நோகுதாம்."

"ஆருக்கு?"

"கஸ்தோனுக்கு."

"அது சொன்னதோ?"

"தெளிவாச் சொல்லுது."

அவள் வந்து கூட்டுக்கு முன்னால் நின்றாள். நான் கதிரையில் இருந்து திரும்ப எழும்பினேன். கஸ்தோன் திரும்பவும் சொன்னது. ஜெனிற்றா என்னைவிட நல்ல மாணவி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓமப்பா, முதுகெண்டுதான் சொல்லுது," என்றாள்.

இரண்டு பேரும் படித்தவர்கள். இரண்டு பேரும் குளிர் உடுப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டோம்.

வெளிக்கிட முதல் பக்கத்து மிருக வைத்தியரிடம் போன் பண்ணினால், நாய் பூனை மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். பறவை பார்க்கிறவர் டவுன்டவுனில் இருப்பதாக ஒரு விலாசம் தந்தார்கள். கஸ்தோனைச் சின்னக் கூட்டுக்குள் விட்டு, கலியாணப் பரிசாய் வந்த ரோஸ் கம்பளியால் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெற்றோவில் ஏறினேன். ஒரு பெண் எழும்பி இடம் தந்தாள். கனிவாக ஏதோ கேட்டாள். நான் "வீ" என்றேன். அவள் கம்பளிப் பக்கம் குனிந்து கொஞ்சினாள். உள்ளேயிருந்து ஒரு வயதான மனுசியின் குரல், "ஆ, மொன் தியூ" (என் கடவுளே) என்று பெருமூச்சு விட்டது. அந்தப் பெண் அடுத்த தரிப்பிலேயே இறங்கினாள். அவளுடைய தரிப்பு அதுதானோ என்னவோ.

வைத்தியர் இளம் பெண். மெல்லிய கண்ணாடி, அமைதியான முகம். என்ன பிரச்சினை என்று பிரெஞ்சில் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, வகுப்பில் படித்தபடி, "அவருக்கு முதுகு நோகிறது," என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"அவர் சொன்னவர்," என்றேன்.

வைத்தியர் மெல்ல ஜெனிற்றாவின் பக்கம் திரும்பினார். இந்தக் குடும்பத்தில் ஒருவராவது சரியாக இருப்பார் என்று நம்பியிருக்க வேண்டும்.

"வீ," என்றாள் ஜெனிற்றா. "எனக்கும் சொன்னவர்."

அதுக்குப் பிறகு வைத்தியர் ஆங்கிலத்துக்கு மாறினார். யாருடைய கிளி? கீழ்வீட்டு வயதான அம்மாவுடையது. அவர் எங்கே? ஆஸ்பத்திரியில். என்ன வருத்தம்? தெரியாது. இவ்வளவையும் கேட்டுவிட்டு அவர் பேனையைக் கீழே வைத்து எங்களைப் பார்த்தார்.

ஜெனிற்றாதான் முதலில் பிடித்தாள். என் முழங்கையைச் சுரண்டினாள். "இஞ்சருங்கோ, அந்த முதுகு இதின்ரை இல்லை."

"பின்னை ஆற்றை?"

"மடாமின்ரை."

நாங்கள் தமிழில் கதைத்ததை வைத்தியர் எப்படியோ விளங்கிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மரியாதைக்கு நானும் கொஞ்சம் சிரித்தேன். சிரித்தபடியே அவர் கம்பளியை விலக்கினார். கூட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

அவர் கிளியைத் தொடவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். "வாலைப் பாருங்கள்," என்றார்.

பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சிவப்பு வால் மேலும் கீழும் ஆடியது. தண்ணீர்ப் பம்பின் கைபிடிபோல. இத்தனை நாள் இரவு பகலாக அந்தக் கூட்டுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். காலைப் பார்த்தேன், இல்லாத பல்லைப் பார்த்தேன். வாலைப் பார்க்கவில்லை.

பிறகு துவாயால் பிடித்து, என் விரலை எடுத்து அதன் நெஞ்சில் வைத்தார். இறகுக்குக் கீழே கத்தியின் முதுகுபோல ஒரு எலும்பு. இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை.

"கொழுத்துவிட்டது என்று நினைத்தேன்," என்றேன்.

"குளிர் தாங்காமல் இறகை உப்பி வைத்திருக்கிறது. உள்ளே தசையே இல்லை." அவர் குரல் கடுமையாக இருக்கவில்லை. அதுதான் எனக்குக் கூடக் கஷ்டமாக இருந்தது. "கிளிகள் வருத்தத்தை ஒளிக்கும். நோஞ்சானாகத் தெரிந்தால் எதிரி முதலில் அதைத்தான் பிடிப்பான். நமக்குத் தெரிகிற அளவுக்கு வந்தால் வருத்தம் முற்றிவிட்டது என்று அர்த்தம். ஒற்றைக் காலில் நிற்கிறதா?"

"முதல் நின்றது. இப்போது திருந்திவிட்டது."

"ஒற்றைக் காலில் நின்று, அலகை அரைத்துக்கொண்டு தூங்கினால் அது சுகமாக இருக்கிறது. அதை நிறுத்திய அன்றைக்கே நீங்கள் கொண்டுவந்திருக்க வேண்டும்."

அன்றைக்குத்தான் நான் பாராட்டியிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

"வீட்டில் யாராவது புகைப்பீர்களா?"

"இல்லை," என்றோம் இருவரும், நல்ல பிள்ளைகளாக.

"கூடு எங்கே இருக்கிறது?"

"குசினியில்."

"என்ன சமைப்பீர்கள்?"

நானும் ஜெனிற்றாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். போன கிழமைதான் அவள் ஆறு மாதத்துக்கு வேண்டிய மிளகாய்த் தூளுக்குச் செத்தல் வறுத்திருந்தாள். முழு வீடும் இருமியது. தெருவால் போன தபால்காரரும் இருமியிருப்பார். அதை ஆங்கிலத்தில் நான் விளக்க விளக்க, வைத்தியர் எழுதிக்கொண்டே போனார்.

நெஞ்சுக்குள் கிருமி. புகை அதைத் தொடக்காவிட்டாலும் நன்றாக ஏற்றிவிட்டிருக்கிறது. ஊசி போட்டார், மருந்து தந்தார். "இந்தக் கிழமை தாண்டினால் தப்பும்," என்றார். கதவடியில் கூப்பிட்டு, "முதுகு வலி என்று கொண்டுவந்தது நல்லதாய்ப் போயிற்று," என்றும் சொன்னார்.

அந்தக் கிழமை எங்கள் வீட்டில் ஒன்றும் வறுபடவில்லை, பொரிபடவில்லை. அவித்த பருப்பும் பாணும்தான். கூடு முன்னறைக்குப் போனது, பக்கத்தில் ஒரு விளக்கு. காலையும் மாலையும் நான் துவாயால் பிடிக்க, ஜெனிற்றா ஊசியில்லாத சிரிஞ்சால் வாய்க்குள் மருந்து விடுவாள். கஸ்தோன் நன்றியோடு என் பெருவிரலைக் கடிக்கும். மற்ற நேரம் வாலைப் பார்த்துக்கொண்டிருப்போம். வேலையிடத்திலிருந்து போன் எடுத்து, "மூச்சு எப்பிடி?" என்று நான் கேட்பதைக் கவனித்த மேற்பார்வையாளர், பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டார். மடாமிடம் நான் கேட்க மறந்த இன்னொரு விஷயம் அது.

கிழமை முடிகிறபோது, ஒரு பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், தொலைபேசி மணி அடிக்கிறது. ஓடிப்போய் எடுத்து "அலோ" என்றேன். ஆருமில்லை. திரும்பிப் பார்த்தேன். ஜெனிற்றா கூட்டுக்குப் பக்கத்தில் நின்று சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கஸ்தோன் ஒற்றைக் காலில் நின்றது.

மடாம் ஊன்றுகோலோடு வந்து இறங்கினார். பையைத் தூக்கிக்கொண்டு மகன் கூட வந்தார். முதுகில் சத்திரசிகிச்சையாம். நான் வகுப்பு ஆசிரியையிடம் எழுதி வாங்கிப் பாடமாக்கிய வசனங்களை ஒப்புவித்தேன். கஸ்தோனுக்கு வருத்தம் வந்தது, இப்போது சுகம், பிழை மிளகாயுடையது. மடாம் பொறுமையாகக் கேட்டார். கூட்டுக்குள் கைவிட்டு அதன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அது வெளியில் காட்டாதே என்று கேட்டார். மகன் ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் வாயைத் திறக்க முந்தி ஜெனிற்றா சொன்னாள், தனக்கு முதுகு நோகிறதென்று அதுவே சொன்னது என்று.

மடாம் படியில் இருந்துவிட்டார். சிரிக்க முதுகு இழுத்தது, இழுக்க இழுக்கச் சிரிப்பு வந்தது. கடைசியில் முனகினார். "ஜெ மல் ஓ தோ." அதே குரல், அதே இழுப்பு.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். சில கிழமை கழித்து மடாம் மேலே வந்தார். காலையில் தான் அறையைவிட்டு வெளியே வந்ததும் கஸ்தோன் புதிதாக ஒன்று சொல்கிறதாம், உங்கள் பாஷையாக இருக்கலாம், என்ன அர்த்தம் என்று கேட்டார். பிறகு அதைக் கவனமாக உச்சரித்தும் காட்டினார்.

"உயிரோட இருக்கோ?"

வருத்தக் கிழமையில் ஜெனிற்றா காலமை எழும்பியதும் என்னிடம் கேட்ட கேள்வி அது. முன்னறைக்குப் போய்ப் பார்க்க அவளுக்குப் பயம், அதனால் படுக்கையிலிருந்தே கேட்பாள். எழுபது தாண்டிய மனுசியிடம், உங்கள் கிளி தினமும் உங்களை இப்படித்தான் விசாரிக்கிறது என்று எப்படிச் சொல்வது? "போன்ஜூர்," என்றேன். "தமிழில் போன்ஜூர்." ஜெனிற்றா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மடாமுக்கு அது நன்றாகப் பிடித்துப்போயிற்று. எங்கள் மகளின் ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்கு வந்தவர், வாசலில் நின்று வந்த தமிழரெல்லாருக்கும் கைகொடுத்து அதைச் சொன்னார். எங்கள் ஊர் மன்னார்ச் சனம் ஒருவரையொருவர் பார்த்தது. எண்பத்தைந்து வயது சூசை ஐயா, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க மெல்ல மெல்லப் படியேறி வந்தார். மடாம் அவருடைய இரண்டு கையையும் பிடித்து, முகம் மலர, "உயிரோட இருக்கோ?" என்றார்.

சூசை ஐயா கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஓம் மடாம்," என்றார். "இப்பவரைக்கும்."

மகளுக்குத் தமிழைவிடப் பிரெஞ்சுதான் வாய்க்கு வரும். பள்ளிக்கூடம் போகும்வரை அந்த 'உயிரோட இருக்கோ'வைத் தமிழ் வணக்கம் என்றே நம்பியிருந்தாள். நாங்களும் திருத்தவில்லை. இப்போது படிப்புக்காக ரொறன்ரோவில் இருக்கிறாள். அர்த்தம் நன்றாகத் தெரிந்துகொண்டும், போன் எடுத்தால் முதல் அதைத்தான் கேட்கிறாள். ஓம் மகள், இரண்டு பேரும் இருக்கிறம் என்று சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் மற்றக் கதை.