நாற்பத்தோராவது கோடு

கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில் வெண்கட்டியர் எண்ணாத சாமானும் இல்லை, அவர் கையெழுத்து வாங்காமல் விட்ட மனிதரும் இல்லை. கடல் அலைகளையும் எண்ணித்தான் இருப்பார். ஒப்பம் வைக்க அலைக்குக் கை கிடையாது என்ற ஒரே காரணத்தால் அதைக் கைவிட்டார் என்பது எங்கள் அலுவலகத்தின் ஒருமித்த முடிவு.

துறைமுகத்தில் டலி கிளாக்கர் என்று ஓர் உத்தியோகம் இருந்தது. கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ண வேண்டும். நாலு நேர்க்கோடு, அவற்றுக்குக் குறுக்கே ஒன்று என்று ஐந்தைந்தாகத் தாளில் கீற வேண்டும். எண்ணிய சாமானில் வெண்கட்டியால் ஓர் அடையாளம் இழுக்க வேண்டும். அதை யார் எடுத்துப் போனாலும் கையெழுத்து வாங்க வேண்டும். முப்பது வருடம் இதையே செய்து ஓய்வு பெற்ற கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவரை, கொழும்புக் கோட்டைப் பகுதியில் நான் கிளாக்கராக இருந்த கப்பல் முகவர் அலுவலகம் மறுபடி வேலைக்கு எடுத்திருந்தது. ஒரு புனிதரின் பெயரும் ஒரு போர்த்துக்கேயப் பெயரும் சேர்ந்த நீளமான பெயர் அவருக்கு. யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் நாங்கள் நாலு பேர் அதைச் சுருக்கி ‘வெண்கட்டியர்’ ஆக்கினோம். முகத்துக்கு நேரே ‘அங்கிள்’தான். அவருடைய சட்டைப் பையில் எந்நேரமும் இருந்த வெண்கட்டி நீல நிறம். அதைப் பற்றித் தமிழறிஞர்கள் கவலைப்படட்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனால் பிரசங்கம் தொடங்குவதற்குள் சனத்தை எண்ணி முடித்துவிடுவார். பூசை முடிந்ததும் சுவாமியாரிடம் தாளை நீட்டி ஒப்பம் கேட்பார். தன்னுடைய கலியாணத்திலேயே மாப்பிள்ளைக் கோட்டுடன் மண்டப வாசலில் நின்று, உள்ளே போனவர்களில் இருவரைக் காணவில்லை என்று அறிவித்தாராம். தேடிப் பார்த்ததில் இருவரும் குசினியில் கட்லட் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுவந்து எண்ணிய பிறகுதான் கேக் வெட்டினார்களாம். இதை எனக்குச் சொன்னவர் அவருடைய மனைவி. முப்பது வருடம் கழிந்தும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படிப்பட்டவரோடு எனக்கு ஒரு முழுநாள் வாய்த்தது, மாணவர் கப்பல் ஒன்றினால்.

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். படிப்பையும் உல்லாசத்தையும் ஒன்றாகக் கட்டிய வெளிநாட்டுக் கப்பல் ஒன்று ஒரு பகல் மட்டும் கொழும்பில் நின்றது. முப்பத்தொன்பது மாணவர்களையும் அவர்களுடைய பேராசிரியை ஒருவரையும் நகரம் காட்டி, மாலை ஐந்து மணிக்குள் திருப்பி ஏற்ற வேண்டும். ஆறு மணிக்குக் கப்பல் புறப்பட்டுவிடும். ஆனால் அன்று விடியற்காலையில் எங்கோ ஒரு சத்தம் கேட்டது. அந்த நாட்களில் சத்தம் கேட்டால் வழிகாட்டிகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். வந்தது. மனேஜர் என்னை அழைத்து, உமக்கு இங்கிலிஷ் வரும்தானே என்றார்.

இங்கிலிஷ் வந்தது. வராதது தைரியம். வீரத்தைப் பற்றி நான் நிறைய நூல்கள் வாசித்திருக்கிறேன். அவற்றில் வீரர்கள் பெரும்பாலும் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டுவதில்லை. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த லொட்ஜின் பொலிஸ் பதிவுத் துண்டைப் புதுப்பிப்பதற்காக லொட்ஜ்கார அன்ரி முதல்நாள்தான் பொலிஸுக்குக் கொடுத்திருந்தார். யாழ்ப்பாணத்தான் ஒருவன் அந்தத் துண்டு இல்லாமல் கொழும்பு வீதியில் திரிவதும் கோவணம் இல்லாமல் திரிவதும் ஒன்று. ஒரே வித்தியாசம், கோவணம் இல்லாதவனை அன்று மாலையே விட்டுவிடுவார்கள்.

கப்பலின் ஏணியடியில் வெண்கட்டியர் தாள் செருகிய தன் பலகையோடு நின்றார். ஒவ்வொரு மாணவரும் இறங்க இறங்க இடது தோளில் நீலமாக ஒரு கோடு இழுத்தார். அது இந்த நாட்டு வரவேற்புச் சடங்கு என்று நினைத்து அவர்கள் கைகூப்பினார்கள். பேராசிரியை இன்னொரு தோளையும் காட்டினார். நாற்பது பேர், எட்டுக் கட்டு, கச்சிதம். பிறகு என் தோளிலும் இழுத்தார்.

“நான் கப்பல் சாமான் இல்லை, அங்கிள்.”

“துறைமுகக் கேற்றால வெளிய போறது எல்லாம் எனக்குச் சாமான்தான் மகன்.” தாளில் எட்டுக் கட்டுக்கு அடுத்து ஒற்றைக் கோடு ஒன்று விழுந்தது. அது தனியே நின்றது அவருக்கே பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

டிரைவரை ஏன் எண்ணவில்லை என்று கேட்டேன். கிரேனை யாராவது எண்ணுவார்களா என்றார். அப்படியானால் நீங்கள்?

“எண்ணுறவனை எண்ணுறது இல்லை.”

கொட்டாஞ்சேனைக் கோயிலில் இறக்கி எண்ணினார், ஏற்றி எண்ணினார். புறக்கோட்டையில் ஒரு மாணவன் மணல்மூட்டைக் காவலரணைப் படம் எடுக்கக் கமராவைத் தூக்கினான். நான் பாய்ந்து முன்னால் நிற்க, இப்போது அவனுடைய பட அல்பத்தில் எங்கோ என் மூக்குத்துவாரம் இருக்கிறது. இன்னொருவன் பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்க, இந்த யுத்தத்தில் நீங்கள் எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டான். ஜன்னல் பக்கம் என்றேன். வெள்ளவத்தையில் கோயில் பார்த்து, சாப்பிட்டு, கடற்கரை பார்த்து, நாற்பத்தொன்றும் சரி என்று அவர் தலையாட்டியபோது மணி மூன்றரை. இனி நேரே துறைமுகம்.

வெள்ளவத்தைப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்தார்கள்.

ஏறிய சிப்பாய் வெள்ளைக்காரர்களைப் பார்த்துச் சிரித்தபடியே வந்தான். என்னிடம் வந்ததும் சிரிப்பை முடித்துக்கொண்டான். அட்டையை வாங்கிப் பார்த்தான். பொலிஸ் துண்டைக் கேட்டான். இறங்கச் சொன்னான். மணல்மூட்டைக்குப் பின்னால் ஒரு சார்ஜன். அவருக்குப் பின்னால் ஒரு ஜீப். ஜீப்பில் ஏற்கெனவே இரண்டு இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள். மூன்றாமவனுக்கு இடம் இருந்தது.

சிங்களம் கேட்டால் விளங்கும், ஆனால் நான் பேசும் சிங்களம் பேக்கரியில் அரை இறாத்தல் பாண் வாங்கும் அளவுக்கானது. அன்றைக்கு அதுவும் வரவில்லை. சார்ஜன் என் தோளைச் சுட்டி, இது என்ன கோடு என்றார். அடையாளம் என்றேன். யாருடைய அடையாளம் என்று அவர் கேட்டார். அடையாளம் என்பதைவிடப் பிழையான பதிலை ஆறு மாதம் யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. நான் பஸ்ஸைக் காட்டினேன். சிப்பாய் ஏறிப் பார்த்து இறங்கி வந்து, உள்ளே எல்லோருடைய தோளிலும் அதே நீலக் கோடு இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தான். சார்ஜனின் புருவம் தொப்பிக்குள் போனது.

பஸ் போகலாம் என்றார். இவர் நிற்கட்டும், விசாரித்துவிட்டு நாளைக்கு விடுகிறோம். அந்த வருடங்களில் ‘நாளைக்கு’ என்பது மிகவும் இழுபடக்கூடிய சொல். எங்கள் லொட்ஜில் மேல்மாடி அறைப் பெடியன் ஒருவனையும் நாளைக்கு விடுவதாகத்தான் கூட்டிப் போனார்கள். அவனுடைய சவர்க்காரப் பெட்டி ஐந்து மாதமாகக் குளியலறை ஜன்னலில் இருந்தது. யாரும் அதைத் தொடுவதில்லை. எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது அம்மாவோ ஆண்டவனோ அல்ல, அந்தப் பெட்டி.

அப்போது வெண்கட்டியர் பஸ்ஸில் இருந்து இறங்கினார். காதில் பென்சில், கையில் பலகை. அவர் சார்ஜனிடம் கெஞ்சவில்லை. நான் நல்லவன் என்றும் சொல்லவில்லை. சாமானின் குணம் பற்றி டலி கிளாக்கருக்கு என்ன கவலை? தாள்களுக்கு நடுவில் கார்பன் வைத்து, மூன்று பிரதி எடுக்க ஆயத்தமானார். பிறகு துறைமுகச் சிங்களத்தில் அமைதியாக விளக்கினார். கேற்றால் வெளியே வந்தது நாற்பத்தொன்று. ஒன்றை சார்ஜன் மாத்தயா எடுத்துக்கொள்ளலாம், தடையில்லை. எடுத்ததற்கு இந்த இடத்தில் ஒப்பம். பெயர், பதவி, இலக்கம், நேரம், குறைவுக்குக் காரணம்.

சார்ஜன் சிரித்தார். நீ யார் என்றார்.

“எண்ணுறவன்,” என்றார் இவர் சிங்களத்தில். “கப்பல் ஆறு மணிக்கு. ஒன்று குறைஞ்சா கப்டன் என்னைக் கேப்பார். நான் இந்தத் தாளைக் காட்டுவன். என்ன கேட்டாலும் உங்களிட்டத்தான் கேப்பாங்க, என்னிட்ட இல்லை.” பேனையை நீட்டினார்.

சார்ஜன் பேனையைப் பார்த்தார். துப்பாக்கி வைத்திருந்த மனிதர், நூற்றுக்கணக்கான வாகனங்களை மறித்த மனிதர், ஒரு மைப்பேனையை அப்படிப் பார்த்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்தப் பாலத்தடியில் இருந்து எத்தனையோ பேர் போயிருந்தார்கள். ஒருவருக்கும் யாரும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. போடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. பேராசிரியை இறங்கி வந்து, என்ன நடக்கிறது என்று புரியாமலே, தன் தோள் கோட்டைக் காட்டியபடி எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். வெண்கட்டியர் பேனை நீட்டிய கையை மடக்கவில்லை. பலகையை இன்னும் ஓர் அங்குலம் முன்னால் நகர்த்தினார்.

கடைசியில் சார்ஜன் என் அட்டையை அந்தப் பலகையின் மேல் எறிந்தார். “கொண்டு போ உன்ர சாமானை.”

வெண்கட்டியர் என்னை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “சேதம் ஏதும் உண்டா மகன்?”

“இல்லை அங்கிள்.”

‘நல்ல நிலை’ என்று எழுதிக்கொண்டார். ஜீப்பில் இருந்த இருவரும் எங்களைப் பார்த்தபடி இருந்தார்கள். பஸ் நகர்ந்த பிறகு அவர் பென்சிலை எடுத்து, தாளின் ஓரத்தில், எந்தக் கட்டிலும் சேராமல், இரண்டு கோடு கீறினார்.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்பது பேர் ஏணியில் ஏறினார்கள். கப்பல் அதிகாரி ஒப்பம் வைத்தார். தாளில் என் ஒற்றைக் கோடு மிஞ்சியது.

“உன்னை எங்க டெலிவரி பண்றது?” என்றார்.

நானே போவேன் என்றேன். ஒப்பம் இல்லாமல் கணக்கு மூடாது என்று அவரும் பஸ் ஏறினார். மீண்டும் சோதனைச் சாவடிகள், மீண்டும் அதே பாலம். இம்முறை சார்ஜன் மாறியிருந்தார், ஜீப் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் இவர் பலகையை நெஞ்சோடு அணைத்து, என்னைத் தன் உள்பக்கமாக நிறுத்தி, நாற்பத்தொன்றில் ஒன்று என்று விளக்கம் சொல்லிக் கொண்டுவந்து சேர்த்தார். லொட்ஜ் வாசலில் அன்ரியிடம் தாளை நீட்டினார்.

“என்னண்ணை, காஸ் சிலிண்டரே? நான் ஓடர் பண்ணேல்லையே.”

“உங்கட பொடியன், ஒரு உருப்படி. பார்த்து எடுங்க, பிறகு குறை சொல்லக்கூடாது.”

அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். “காலமையும் இப்பிடித்தான் மெலிஞ்சு இருந்தவர்,” என்று ஒப்பம் வைத்தார். உள்ளே போனதும் அவர் அழுத சத்தம் கேட்டது. மேல்மாடிப் பெடியனுக்காகவும் சேர்த்து அழுதார் என்று நினைக்கிறேன்.

வெண்கட்டியர் தாளை மடித்துப் பையில் வைத்து, திருப்தியாகப் படியிறங்கிக் காலி வீதிப் பக்கம் நடந்தார். அவர் முடக்கில் திரும்பிய பிறகுதான் எனக்குத் தலையில் அடித்தது போல உறைத்தது. கொட்டாஞ்சேனைக்கு அவரும் அதே சாவடிகளைத் தாண்டித்தான் போக வேண்டும். அவரும் தமிழர்தான், பெயர் போர்த்துக்கேயமானாலும் அட்டையில் அது தமிழில்தான் எழுதியிருந்தது. அவருடைய தோளில் கோடு இல்லை. அவரை யாராவது எடுத்துப் போனால் ஒப்பம் கேட்க ஒருவரும் இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். அவர் ஏறிய பஸ் வெளிக்கிட்டுவிட்டது.

மறுநாள் காலை ஏழரைக்கே அலுவலகத்தில் போய் இருந்தேன். எட்டுப் பத்துக்கு அவர் உள்ளே வந்து, நாற்காலிகளை எண்ணிவிட்டு உட்கார்ந்தார். நான் மேசை நாட்குறிப்பில் பென்சிலால் ஒரு கோடு கீறினேன்.

அதன் பிறகு நான் வெளிநாடு போகும்வரை, இரண்டு வருடம், வேலை நாள் ஒன்றும் விடாமல் கீறினேன். திங்கள் முதல் வியாழன்வரை நாலு நேர்க்கோடு, வெள்ளிக்கிழமை குறுக்கே ஒன்று. அந்தக் குறுக்குக் கோட்டை இழுத்த பிறகுதான் எனக்கு அந்தக் கிழமைக்கான மூச்சு வரும். இது அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் ஒப்பம் கேட்டிருப்பார். என் வாழ்க்கையில் நான் சரியாக வைத்திருந்த கணக்கு அது ஒன்றுதான். அதில் ஒரு நாளும் ஒன்று குறையவில்லை.