பூரண ஆரோக்கியமான விண்ணப்பதாரர்கள்

ஃப்ரீமாண்டில் துறைமுகத்தில் சிங்கி இறால் பிடிக்கும் எல்லிஸும் கணக்கு வாத்தியார் மார்க்கோவும் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டவர்கள். பிள்ளை வேண்டுமென்று ஆசை வந்தபோது எல்லிஸின் அக்கா நெரிடா, "நான் சுமந்து தர்றேன்டா. மூணு பெத்தவளுக்கு இன்னொண்ணு பாரமா?" என்றாள். வாடகைத்தாய் முறைக்கு அரசு அனுமதி ஒன்றுதான் பாக்கி.

அலுவலகத்தில் வினிஃப்ரெட் கோல் என்ற அதிகாரி விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"கருத்தரிக்க இயலாமைக்கு மருத்துவக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. காலியா விட்டிருக்கீங்க."

"நாங்க ரெண்டு பேரும் ஆம்பளைங்க," என்றான் எல்லிஸ்.

"அது காரணம் இல்ல. டாக்டர் சான்றிதழ் வேணும்."

'மேற்படி நபர்களுக்குக் கர்ப்பப்பை இல்லை' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"எப்ப எடுத்தாங்க?"

"எடுக்கல. பொறந்ததுலேருந்தே இல்ல."

"அப்ப நீங்க எதையும் இழக்கலையே. குழந்தை பெற முடியாத பெண்ணுக்குன்னு சட்டம் சொல்லுது. நீங்க பெண்ணே இல்லாதப்ப, முடியாமைங்கிற கேள்வியே எழல."

விண்ணப்பதாரர்கள் பூரண ஆரோக்கியமாக இருப்பதால் மனு நிராகரிக்கப்பட்டது.

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் நலப் பிரிவு. ஆதரவற்ற பிள்ளைகளைத் தற்காலிகமாக வைத்து வளர்க்க ஆள் கிடைக்காமல் அவர்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். விசாரித்துவிட்டு, 'மிகவும் பொருத்தமான பெற்றோர்' என்று இருவரையும் பதிவு செய்தார்கள். ஏழு வருஷத்தில் ஆறு பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொன்றும் 'அப்பா' என்று கூப்பிடப் பழகியதும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அன்றெல்லாம் எல்லிஸ் படகை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அரசும் சும்மா இருக்கவில்லை. ஒரு குழு ஆராய்ந்தது. அந்தக் குழு ஆராய்ந்ததை இன்னொரு குழு ஆராய்ந்தது. கடைசியில் சட்டம் திருத்தப்பட்டது. கோல் அம்மையாரே போன் செய்தார்.

"வாழ்த்துகள். அந்தக் கட்டத்தையே எடுத்துட்டோம். சுமக்கப்போறவங்க வயசு என்ன?"

"போன வாரம் அம்பது முடிஞ்சுது," என்றான் எல்லிஸ். "இனிமே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"அடடா," என்றார் அதிகாரி. "இது மருத்துவக் காரணம்."

சட்டம் திருத்தப்பட்டதை மட்டும் கேள்விப்பட்ட தெருக்காரர்கள் மாலையில் கேக்கும் பீருமாக வந்து குவிந்தார்கள். "அப்புறம் என்னப்பா, எப்ப நல்ல சேதி?" என்றார் எதிர்வீட்டுக்காரர். எல்லிஸ் மார்க்கோவைப் பார்த்தான். நெரிடா கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாள்:

"சட்டம் பொறந்திருக்கு. ஏழு வருஷம் சுமந்து பெத்திருக்காங்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த ஏழு வருஷமும் தேர்தலுக்குத் தேர்தல் தவறாமல் போய் அந்த அரசுக்கே ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்களும் அவர்கள்தான்.