பொரிக்காரர் ஏற்றிய காகிதக் கூண்டு

நல்லம்பள்ளியில் எங்கும் நிறைந்தவர் சிவபெருமான். அவருக்கு அடுத்தபடி பொரிக்காரர். எந்த வீட்டில் அடுப்பு எரிந்தாலும் அங்கே வந்து நிற்பார். கையில் ஒரு மண்கலயம். அதன் வாயில் இறுகக் கட்டிய, ஆட்டின் சிறுநீர்ப்பை.

கலயத்தை அடுப்போரம் வைப்பார். வாடிக் கிடந்த பை மெல்ல எழுந்து உப்பும். தண்ணீர் தெளிப்பார், பை தொங்கிவிடும்.

"பாத்தீங்களா? உள்ள இருக்கறது அதே காத்துதான். சூடு பட்டா அதுக்கு எடம் பத்தாது. குளுந்தா சுருண்டு படுத்துக்கும்."

கல்யாண வீடு, சாவு வீடு என்ற வித்தியாசம் கிடையாது. ஒருமுறை தொந்தி பெருத்த தர்மகர்த்தாவிடம், "பச்சத்தண்ணியில குளிங்க, பாதியாயிருவீங்க" என்றார். அன்றிலிருந்து தர்மகர்த்தா சமயம் பார்த்திருந்தார்.

மாரியம்மன் திருவிழாவில் சமயம் வந்தது. அந்தி நேரத்தில் காகிதக் கூண்டு பறக்கவிடுவது பொரிக்காரரின் கைங்கரியம். அடியில் எண்ணெய்த் துணியைக் கொளுத்தினால் உள்ளே காற்று பெருத்து, கூண்டு மேலே போகும். முந்தின வருஷம் அது புளியமரத்தோடு நின்றுவிட்டது.

"இந்த வருசமும் ஏறலைன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று தர்மகர்த்தா சொல்லிவிட்டார்.

பொரிக்காரர் சன்னதியில் கைகூப்பி நான் பார்த்ததில்லை. அவருக்கும் ஆத்தாளுக்கும் இருந்த ஒரே பேச்சுவார்த்தை அந்தக் கூண்டுதான்.

கூண்டு நன்றாக உப்பி நின்றது. பூசாரி வந்து, வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரை அதன்மேல் வாரி இறைத்தார். கூண்டு பெருமூச்சு விட்டுத் தொங்கியது.

"அண்ணே, ஆத்தா குளுந்தா ஊருக்கு நல்லது. காத்து குளுந்தா எனக்குக் கெடுதலுங்க."

"ஆத்தாளுக்குப் போறது தீர்த்தம் படாம போவுமா? போன வருசமும் தெளிச்சனே."

"அதான் புளியமரத்துக்குப் போச்சு."

கூட்டம் சிரித்தது. தர்மகர்த்தா இன்னும் பலமாகச் சிரித்தார். பொரிக்காரர் சற்று யோசித்துவிட்டு, சட்டையைக் கழற்றிப் பூசாரி முன்னால் குனிந்தார்.

"கூண்டு செஞ்ச ஒடம்பு இது. அதுக்கும் சேத்து எம்மேலயே ஊத்திருங்க."

பூசாரிக்கு மறுக்க வழியில்லை. குடம் முழுவதையும் அவர் தலையில் கவிழ்த்தார்.

ஈரம் காயும்வரை கூண்டை விரித்துப் பிடித்து, மறுபடி கொளுத்தினோம். அது பெருத்து, எங்கள் கைகளை உதறிக்கொண்டு, கோபுரத்தையும் தாண்டி மலைப்பக்கம் போனது. தர்மகர்த்தா தம்மை மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த வருசம் இன்னும் பெருசா செய்யி" என்று முனகினார்.

ஊரே அண்ணாந்து கும்பிட்டது. மாசிக் குளிரில் பல் கிட்டிக்க நின்ற பொரிக்காரர் மட்டும் கூண்டைப் பார்க்காமல், சன்னதியை நோக்கிக் கைகூப்பி நின்றார். நான் என் துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டேன்.